வெறுங்கால் போலீஸ்காரர்

1976-ஆம் வருடம், புரட்டாசி மாதம், தூத்துக்குடி. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவோமே தவிர, தமிழ்நாட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் கணவர் ஒரு சரக்குக் கப்பலில் இன்ஜினியர். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்பதால் கம்பெனியில் அனுமதி வாங்கி என்னையும் ஒரு நடை கூட்டிப் போனார். தூத்துக்குடியில் மூன்று நாள் நின்றுவிட்டுக் கிளம்ப வேண்டிய கப்பல், இயந்திரக் கோளாறால் பதினொரு நாள் நின்றுவிட்டது. அவருக்கு இயந்திர அறையை விட்டு மேலே வர நேரமில்லை. நான் தினமும் காலையில் துறைமுக வாசலில் பாஸைக் காட்டிவிட்டு, பஸ் ஏறி ஊருக்குள் போய்விடுவேன்.

நான் தையல்காரி. பினாங்கில் ஒரு சீனர் கடையில் ஏழு வருடம் பெண்களுக்கு உடை வெட்டித் தைத்திருக்கிறேன். எங்கே போனாலும் என் கண் முதலில் துணி மேல்தான் போகும். திரும்பிப் போய்க் கடைத் தோழிகளிடம் சொல்வதற்காக ஒரு சின்ன நோட்டில் பார்த்ததையெல்லாம் எழுதி வந்தேன். நாங்கள் கைலி என்பதை இங்கே சாரம் என்றார்கள். ஆண்கள் அதை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். எதிரே பெரியவர் யாராவது வந்தால், நடையை நிறுத்தாமலே மடிப்பை அவிழ்த்து விட்டார்கள். அவர் தாண்டிப் போனதும் மறுபடி மடிப்பு ஏறிவிடும். மார்க்கெட்டில் கருவாடு விற்ற அம்மாவுக்குக் காது தோளைத் தொட்டது, அந்தக் காதில் கெட்டித் தங்கம் தொங்கியது. மாதா கோயிலுக்குப் போகிற பெண்கள் சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு போனார்கள், காற்று எவ்வளவு அடித்தாலும் அது நழுவவில்லை.

என்னையும் அவர்கள் பார்த்தார்கள். நான் கணுக்கால் வரை தொங்கும் பூப்போட்ட மாக்சி போட்டிருந்தேன். முதல் நாளே என் முதுகுக்குப் பின்னால், "ஏளா, சட்டக்காரி போறா பாரு" என்று ஒரு குரல். வெள்ளைக்காரக் கலப்புப் பெண் என்று நினைத்துவிட்டார்கள். நான் திரும்பி, "நானும் தமிழ்தான் அக்கா" என்றேன். "ஆத்தாடி, தமிழு பேசுதாளே!" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர், பேர், புருஷன், கழுத்துச் சங்கிலி எத்தனை பவுன் என்று எல்லாவற்றையும் நடுத்தெருவில் வைத்தே கேட்டு முடித்தார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நோட்டில் நான் எழுதிய விதம் இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரே ஒருவரைப் பார்த்துவிட்டு, 'இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான்' என்று எழுதிவிடுவேன். துணியைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துவிடும் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பத்தாவது நாள், மறுநாள் காலையில் கப்பல் கிளம்புகிறது என்று உறுதியானது. கடைசியாகக் கொஞ்சம் துணி வாங்கலாம் என்று கிளம்பினேன். பணம் மாற்றுவதற்காகப் பாஸ்போர்ட்டையும் கைப்பையில் எடுத்துக்கொண்டேன். "அதைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றாதே" என்று கணவர் சொன்னார். நான் கேட்கவில்லை.

துணி வாங்கி முடித்து, பகல் பன்னிரண்டு மணி வாக்கில் பஸ் நிலையத்துக்கு வந்தேன். கிளம்பத் தயாராக இருந்த ஒரு பஸ்ஸில் ஏறினேன். நெரிசலில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. வெள்ளைத் துப்பட்டியால் உடம்பெல்லாம் போர்த்திய ஒரு முஸ்லிம் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். என்னிடம் எதுவும் கேட்காமலே என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதுவும் அந்த ஊர் வழக்கம்தான். உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பையை வாங்கிக்கொள்வார்கள். குழந்தையைக்கூட வாங்கிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் யாராவது அப்படிப் பையைத் தொட்டால் கூச்சல் போட்டிருப்போம். எனக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்திருந்தது.

பஸ் நகர ஆரம்பித்தபோது கண்டக்டர், "எங்கம்மா?" என்றார். துறைமுகம் என்றேன். "இது திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ்லா! அங்கன நிக்காது, இறங்குங்க, இறங்குங்க" என்று விசில் ஊதினார். அந்த அவசரத்தில் துணிப் பார்சலை மட்டும் அணைத்துக்கொண்டு குதித்துவிட்டேன். பஸ் தெருமுனை திரும்பிய பிறகுதான் கை லேசாக இருப்பது தெரிந்தது.

பாஸ்போர்ட், துறைமுக பாஸ், மிச்சப் பணம் எல்லாம் அந்தப் பைக்குள். பாஸ் இல்லாமல் துறைமுக வாசலில் விடமாட்டார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் கப்பலில் கிளம்பவும் முடியாது. விடிந்தால் கப்பல் போய்விடும். யாரையும் தெரியாத ஊரில் நான் மட்டும் நிற்பேன். பஸ் போன திசையில் கொஞ்ச தூரம் ஓடினேன். ஓடி என்ன பயன்? நின்று அழத் தொடங்கினேன்.

அப்போதுதான் வெற்றிலை பாக்குக் கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் கண்ணில் பட்டார். காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, தொப்பி, கையில் ஒரு தடி. நேரே போய் அவர் முன்னால் நின்று, "சார், என் பாஸ்போர்ட் போய்விட்டது சார்" என்று கதறினேன். அவர் திடுக்கிட்டு எழுந்தார். பின்னால் வேறு யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தார்.

"என்னம்மா, ஏன் அழுதிய?" என்றார்.

நான் சொல்லச் சொல்ல, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். எல்லாம் சொல்லி முடித்ததும் ஒரு நிமிடம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "திருச்செந்தூர் வண்டின்னு நல்லாத் தெரியுமா? அழாதிய. அடுத்த வண்டி இப்ப வந்துரும். நான் கூட வாரேன்" என்றார். கடைக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, எங்க செட்டு வந்தா, நான் திருச்செந்தூர் வண்டியில போயிருக்கேன்னு சொல்லுங்க" என்று சொன்னார். அண்ணாச்சி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். போலீஸ்காரர் தலையை ஆட்டியதும் பேசாமல் இருந்துவிட்டார்.

பஸ்ஸில் என் அழுகை கொஞ்சம் அடங்கியதும், வழக்கம்போல என் கண் துணிக்குப் போனது. நாற்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர். சட்டை இரண்டு மடங்கு பெரிது, தோள் தையல் பாதிக் கை வரைக்கும் இறங்கியிருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்துக் கொடுத்துவிடுவார்கள் போல என்று நினைத்தேன். கழுத்தில் மணி மாலை, நெற்றி நிறையக் குங்குமம். இந்த ஊர்ப் போலீஸ்காரர்கள் பக்திமான்கள் என்று முடிவு செய்தேன். காலில் செருப்புக்கூட இல்லை. பாவம், ஏழை ஊர்!

அவர் இடது கையில் வேப்பிலை செருகிய ஒரு தகர டப்பா இருந்தது. பஸ்ஸில் ஏறியவர்கள் பலர் அவரைப் பார்த்ததும் கும்பிட்டு, காசைக் கண்ணில் ஒற்றி அந்த டப்பாவில் போட்டார்கள். அவரும் பேசாமல் தலையசைத்து வாங்கிக்கொண்டார். லஞ்சம் வாங்குகிற போலீஸை எங்கள் ஊரிலும் கண்டிருக்கிறேன். இப்படிப் பட்டப்பகலில், கும்பிட்டுக் கொடுத்துத் தலையசைத்து வாங்குவதை எங்கேயும் கண்டதில்லை. நானும் கொடுத்தால்தான் வேலை நடக்கும் போலிருக்கிறது என்று, பஸ்ஸுக்கென்று கைக்குட்டையில் தனியாக முடிந்து வைத்திருந்த பத்து ரூபாயை எடுத்து அவர் சட்டைப் பையில் திணிக்கப் போனேன். அவர் நெருப்புப் பட்டது போல விலகினார்.

"எனக்கு வேண்டாம்மா. போடணும்னு தோணுச்சுன்னா பைய கிடைச்சப் பொறவு இதுல போடுங்க" என்று டப்பாவைக் காட்டினார்.

வேலை முடிந்த பிறகு வாங்குகிறார், நேர்மையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்! கண்டக்டர் வந்தபோது, டப்பாவில் அவ்வளவு காசு இருந்தும் அதைத் தொடாமல், இடுப்பில் துணியில் முடிந்திருந்த சில்லறையை அவிழ்த்து எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

உப்பளங்களும் வாழைத் தோட்டங்களும் தாண்டி, திருச்செந்தூர் பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, நான் முதலில் ஏறிய பஸ் அங்கே நின்றிருந்தது. அதன் கண்டக்டரைத் தேடிப் போவதற்குள் இன்னொரு போலீஸ்காரர் எதிரே வந்தார். தடித்த ஆள், பளபளக்கும் பூட்ஸ். என் போலீஸ்காரர் சட்டென்று நின்றுவிட்டார். அவர் கையிலிருந்த தடி நடுங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மேலதிகாரி என்றால் இந்த ஊரில் இவ்வளவு பயமா என்று நினைத்தேன்.

வந்தவர் இடுப்பில் கைவைத்து, "என்ன ஏட்டையா, டூட்டியா?" என்று சிரித்தார்.

"ஆமாய்யா. இந்தப் புள்ள வெளிநாடு. பைய வண்டியில விட்டுட்டு. கண்டக்டர் அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்" என்றார் இவர்.

பூட்ஸ் போட்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், சிரிப்பு நின்றது. அவரே கண்டக்டரைக் கைதட்டிக் கூப்பிட்டு விசாரித்தார். போகும்போது அவரும் ஒரு காசை எடுத்துக் கண்ணில் ஒற்றி டப்பாவில் போட்டார். மேலதிகாரி கீழதிகாரிக்குக் கொடுக்கிறாரே! என் நோட்டு கையில் இருந்திருந்தால் அன்று ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

கண்டக்டர் நல்ல செய்தி சொன்னார். துப்பட்டி போட்ட அந்த அம்மா காயல்பட்டினத்தில் இறங்கிவிட்டாராம். "அந்தப் பொண்ணு எப்படியும் தேடி வரும், எங்க வூட்டுக்கு அனுப்பி வைங்க" என்று தெருவும் வீட்டு அடையாளமும் சொல்லிப் போயிருக்கிறார்.

வந்த வழியே திரும்பிக் காயல்பட்டினத்தில் இறங்கினோம். விசாரித்துப் போனபோது, வீடுகளுக்கு நடுவே ஆள் அகலத்துக்கு ஒரு சந்து வந்தது. என் போலீஸ்காரர் அதன் வாயிலிலேயே நின்றுவிட்டார்.

"இது பொம்பளையாளு நடக்குத முடுக்கு. ஆம்பளைய போகக் கூடாது. நீங்க போங்க, நான் இங்கனயே நிக்கேன்" என்றார்.

போலீஸ்காரர்கூடப் போகக் கூடாதா என்று கேட்டேன். "ஆருன்னாலும் மரியாத மரியாததானம்மா" என்றார்.

நான் பார்சலில் இருந்த புதுத் துணியைப் பிரித்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். மூன்றாவது கதவில் அந்த அம்மாவே நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "வந்துட்டியா மவளே! அல்லா காப்பாத்திட்டான். உன்ன நெனச்சு எனக்குச் சோறு எறங்கல" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார். பை ஒரு நாற்காலி மேல் தனியாக இருந்தது. "நான் தொறக்கவே இல்ல, நல்லாப் பாத்துக்க" என்றார். எல்லாம் அப்படியே இருந்தது. பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதேன். அவர் மருமகள் வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடாமல் எழுந்திருக்கவே விடவில்லை.

"தனியாவா வந்தே?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லை, போலீஸ்காரர் வந்திருக்கிறார். சந்து முனையில் நிற்கிறார்."

போலீஸ் என்றதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. மருமகள் மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி இறங்கி வந்தாள்.

"மாமி, அது போலீஸ் இல்ல. குலசை தசராவுக்கு வேசம் கட்டுனவரு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாதான் விளக்கினார். குலசேகரன்பட்டினத்தில் அம்மன் கோயில் தசரா நடக்கிறது. நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, விரதம் இருந்து, ராஜா, குறவன், பிச்சைக்காரன், போலீஸ் என்று ஒவ்வொரு வேஷம் கட்டி, கூட்டமாக ஊர் ஊராகக் காணிக்கை எடுத்துக் கோயிலில் சேர்ப்பார்களாம். "எங்க தெருவுக்கும் வருவாங்க மவளே, நாங்களும் குடுப்போம்" என்றார்.

எனக்கு முகமெல்லாம் சூடேறியது. முதலில் வந்தது கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பிறகு அந்தப் பத்து ரூபாய் நினைவுக்கு வந்தது. டப்பாவில் காசு போட்டவர்கள், பூட்ஸ் போட்டவரின் சிரிப்பு, இடுப்பு முடிச்சிலிருந்து எடுத்த டிக்கெட் காசு என்று ஒவ்வொன்றாக வந்தன. உட்கார முடியவில்லை.

வெளியே வந்தபோது அவர் ஒரு பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "கிடைச்சிட்டா?" என்றார். இப்போதுதான் எல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தன. மீசை, வியர்வையில் கரைந்து கன்னத்துக்கு இறங்கிய மை. மார்பில் இருந்த நட்சத்திரம், பிஸ்கட் டின்னை வெட்டியது. ஏழு வருடம் துணி வெட்டியவள், இதையெல்லாம் பார்க்காமல் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

"நீங்கள் போலீஸ் இல்லையாமே. ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சிருங்கம்மா. சொல்லத்தான் நினைச்சேன். நான் துறைமுகத்துல உப்பு மூட்ட தூக்குதவன். போன வருசம் எம் மவளுக்கு அம்மை போட்டுப் பொழைச்சா. அதுக்கு நேந்தது. போலீஸ் வேசம் கட்டுன்னு கோயில்ல வாக்கு வந்துச்சு. எனக்குப் போலீஸ்னாலே நடுக்கம்."

"ஏன்?"

"முன்ன ஒருக்க மூட்ட குறைஞ்சிட்டுன்னு என்ன டேசனுக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு நாளு உக்கார வச்சுட்டாவ. நான் எடுக்கல. அதச் சொன்னா ஒருத்தரும் காதுல வாங்கல." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "இன்னைக்கு நீங்க எம் முன்னால வந்து நின்னு அழுதியளா... அன்னைக்கு நான் நின்ன மாரியே இருந்துச்சு. நான் போலீசு இல்ல, போம்மான்னு சொல்ல வாய் வரல."

திருச்செந்தூரில் அவர் கை நடுங்கியது எதனால் என்று இப்போது விளங்கியது. பயந்து நடுங்குகிற ஒரு மனிதர், எனக்காக நிஜப் போலீஸ்காரர் முன்னால் அந்த உடுப்போடு போய் நின்றிருக்கிறார்.

தூத்துக்குடி பஸ் வர அரை மணி ஆகும் என்றார்கள். என் பையில் எப்போதும் ஊசி நூல் இருக்கும். "சட்டையைக் கொஞ்சம் கழற்றிக் கொடுங்கள் அண்ணாச்சி, தோள் இறங்கிக் கிடக்கிறது" என்றேன். அவர் ரொம்பத் தயங்கினார். நான் கையை நீட்டியபடியே நின்றதும் கழற்றிக் கொடுத்து, "சாமி உடுப்பும்மா, கீழ வச்சிராதிய" என்றார். மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு தோளிலும் மடிப்பு எடுத்துத் தைத்து, கையையும் அளவுக்குச் சுருக்கினேன். ஓடு தையல்தான், ஆனால் நெருக்கமாகப் போட்டேன். அவர் அந்தப் படியில் மாலையோடு வெறும் மேலுடன் உட்கார்ந்து, மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள் என்றும், கணக்கில் கெட்டிக்காரி என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். விரதம் என்பதால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது பேச்சோடு பேச்சாகத்தான் வந்தது. அந்த அம்மா கொடுத்தனுப்பிய இளநீரை மட்டும் குடித்தார்.

சட்டையைப் போட்டுப் பார்த்தவர், தோளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். பஸ் வந்தது. நான் பையிலிருந்து காசை எடுத்து, மற்றவர்கள் செய்தது போலக் கண்ணில் ஒற்றி டப்பாவில் போட்டேன். அவர் டப்பாவிலிருந்த குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தார். "நல்லபடியா ஊர் போய்ச் சேருங்க" என்றார். அவர் திரும்பித் தூத்துக்குடிக்கு வரவில்லை. கூட வேஷம் கட்டிய செட்டுக்காரர்கள் எப்படியும் குலசைக்குத்தான் வருவார்கள், நான் முன்னாலேயே நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தெற்கே போகும் ரோட்டில் இறங்கி நடந்தார். பெயரைக் கேட்காமல் விட்டது பஸ் கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

வெயில் சாய்வதற்குள் கப்பலுக்கு வந்துவிட்டேன். கணவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் குலசை?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியேறியபோது இரண்டு பேரும் தளத்தில் நின்று தெற்குக் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. பிறகு நானே பினாங்கில் ஒரு கடை வைத்து, பேரப்பிள்ளைகளும் எடுத்துவிட்டேன். கடை ரோட்டோரம் என்பதால், ஆஸ்பத்திரி எது, ஆபீஸ் எது என்று தெரியாமல் தவித்துப்போய் உள்ளே நுழைகிறவர்கள் உண்டு. சிலர் என்னை வேறு யாரோ என்று நினைத்துத் தங்கள் கஷ்டத்தையெல்லாம் கொட்டிவிடுவார்கள். ஆள் மாறி வந்து நிற்கிற அவர்களிடம், "அது என் வேலை இல்லை" என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வந்ததில்லை.